கறை படிந்த பல்லுக்கு உறை போடுவதற்கு முன்

கேள்வி: எனக்கு வயது 23. தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரத்திற்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் வளர்ந்தேன். சிறு வயதிலிருந்தே என் மேல் வரிசை முன்பற்களில் பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் இருக்கின்றன. எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. எலுமிச்சையும் உப்பும், கரித்தூளும் முயன்று பார்த்துவிட்டேன். சொத்தையோ வலியோ கிடையாது. இன்னும் நான்கு மாதத்தில் எனக்குத் திருமணம். அதன்பின் வாழப்போவதும் ஊத்தங்கரைப் பக்கம்தான். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் பெரியம்மா, "மணவறையில் வாயைத் திறந்து சிரிக்க முடியுமா? முதலில் பல்லைச் சரிசெய்" என்கிறார். ஒரு தனியார் பல் மருத்துவமனையில், மேல்வரிசையில் எட்டுப் பற்களுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் பத்தே நாளில் முடித்துவிடலாம், சற்றுத் திரும்பியிருக்கும் ஒரு பல்லும் அதிலேயே நேராகிவிடும் என்றார்கள். முன்பணமும் கொடுத்துவிட்டோம். இது சரியான சிகிச்சையா? நாளை எனக்குப் பிறக்கும் குழந்தைக்கும் இப்படி வருமா? ஃபுளோரைடு கலந்த பற்பசையை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும் அதனுடன் அனுப்பியிருந்த புகைப்படத்தையும் பார்த்தேன். முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த எட்டுப் பற்களில் ஒன்றைக்கூட இப்போது அரைக்க விடாதீர்கள். வாயை நேரில் சோதிக்காமலும் எக்ஸ்ரே பார்க்காமலும் ஒரு மருத்துவர் இறுதியான முடிவு சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், சொத்தையும் வலியும் இல்லாத எட்டுப் பற்களின் நரம்பை எடுத்துவிட்டு அவற்றுக்கு உறை மாட்டுவது, நிறத்தை மட்டும் மாற்ற விரும்பும் 23 வயதுப் பெண்ணுக்கு முதல் வழியாக இருக்க முடியாது என்று சொல்ல எனக்குப் புகைப்படமே போதும். உங்கள் பல்லின் கறையை, பல்லைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு குறைப்பதற்கு வழிகள் உள்ளன. நான்கு மாதம் அவற்றுக்குப் போதுமான காலம்.

உங்களுக்கு இருப்பது, நீங்கள் வளர்ந்த ஊரையும் திட்டுகளின் தோற்றத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, பல் ஃபுளோரோசிஸ் என்றே தெரிகிறது. உங்கள் பகுதியில் இதைக் காவிப் பல் என்றும் கறைப் பல் என்றும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல் விளக்காததால் வருவது அன்று இது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல இடங்களில் பாறைகளுக்கு இடையே தேங்கும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இயற்கையாகவே கரைந்திருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் அதிகபட்சமாக 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய தர நிர்ணய அளவு. அதைத் தாண்டிய ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழந்தை நாள்தோறும் குடித்து வளரும்போது, தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பற்களின் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான வெளிப்படலம், முழுமையாகக் கெட்டிப்படாமல் நின்றுவிடுகிறது. மேல் முன்பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் முடிந்துவிடும். ஆக, உங்கள் பல்லின் நிறம் நீங்கள் தூரிகையைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்துகொள்வதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டபோது உங்களுக்குப் பத்து வயதை ஒட்டி இருந்திருக்கும். காவிரி நீர் உங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே உங்கள் முன்பற்கள் முளைத்து முடிந்திருந்தன. உங்கள் பெரியம்மாவிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். அவருடைய பற்களிலும் அதே கறை இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

இந்த நோயின் காரணத்தைக் கண்டறிந்த வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் உங்கள் வாய்க்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901இல் தொழில் தொடங்க வந்த ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலருடைய பற்கள் பழுப்பாக இருப்பதைக் கண்டார். இது குடிநீரால் வருவது என்று அவர் ஊகித்தார். எனினும், நீரிலுள்ள எந்தப் பொருளால் என்பது 1931இல், சர்ச்சில் என்ற வேதியியலாளர் வேறொரு ஊரின் நீரைச் சோதித்து அதில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதைக் கண்டபோதுதான் தெரியவந்தது. இதற்கிடையே மெக்கே இன்னொன்றையும் கவனித்திருந்தார்: அந்தக் கறைப் பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை. நீங்களும் உங்கள் பல்லில் சொத்தையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிறத்தைத் தவிர மற்ற எல்லா வகையிலும் உங்கள் பற்கள் நல்ல நிலையில் இருக்கக்கூடும் என்பதையும், அவற்றைத்தான் நரம்பெடுத்து அரைக்கச் சொல்கிறார்கள் என்பதையும் நீங்கள் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தேய்த்தாலும் கறை போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஃபுளோரோசிஸ் கண்ட எனாமலின் மேற்பரப்பு மெல்லியதாகக் கெட்டிப்பட்டிருக்கும். அதற்குச் சற்றுக் கீழே உள்ள அடுக்கு மட்டும் நுண்ணிய துளைகளுடன் இருக்கும். அந்தத் துளைகளில் நீரும் காற்றும் நிற்பதால் ஒளி அங்கே சிதறி, சுண்ணாம்பு தடவியது போன்ற வெண்திட்டாகத் தெரிகிறது. பல் முளைத்த பிறகு ஆண்டுக்கணக்கில் உணவிலும் பானங்களிலும் உள்ள நிறப்பொருள்கள் அதே துளைகளுக்குள் ஊறும்போது வெண்திட்டு பழுப்பாகிறது. அதாவது உங்கள் பல்லில் இருப்பவை இருவகைக் கறைகள். வெண்மை பல் உருவானபோதே அமைந்தது. பழுப்பு பின்னால் சேர்ந்தது. பின்னால் சேர்ந்த பழுப்பை அகற்றுவதுதான் எளிது, வெண்திட்டுதான் பிடிவாதமானது. சிகிச்சையின் போக்கு முழுவதும் இந்த வேறுபாட்டை ஒட்டியே அமைகிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன்.

எலுமிச்சையையும் உப்பையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றின் அமிலம் எனாமலைக் கரைக்கும். அமிலத்தால் இளகிய பரப்பை உடனே உப்பாலும் கரித்தூளாலும் தேய்க்கும்போது, கறை இருக்கும் ஆழத்தைத் தொடாமலேயே அதன் மேலுள்ள நல்ல எனாமலை இழக்கிறீர்கள். எனாமலை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. தோலில் பட்ட காயம் ஆறுவதைப்போலத் தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் முன்னோரின் பற்களைக் காத்தன என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவை பல்லின் மேல் படியும் அழுக்கைத் துடைத்தன. பல்லுக்குள் ஊறிய நிறத்தை எந்தக் குச்சியாலும் எந்தப் பொடியாலும் எடுக்க முடியாது.

இனி அந்தக் கேப் பற்றி. பல்லைச் சுற்றிலும் மூடும் உறையை மாட்ட வேண்டுமானால், அந்த உறையின் தடிப்புக்கு ஏற்ற அளவு பல்லை நான்கு பக்கமும் நுனியிலும் அரைத்தெடுக்க வேண்டும். முன்பல்லின் வெளியே தெரியும் பகுதியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதில் போய்விடும். எஞ்சுவது ஒரு சிறிய முளை. உங்கள் வயதில் பல்லின் நடுவிலுள்ள நரம்பறை இன்னும் பெரிதாக இருக்கும் என்பதால் அரைக்கும் கருவி நரம்புக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. பின்னால் வலி வந்துவிடக்கூடாது என்பதற்காகச் சில இடங்களில் முன்கூட்டியே வேர் சிகிச்சை செய்துவிடுகிறார்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட வேர் சிகிச்சைக்கு உங்கள் பல்லில் நோய் ஏதும் இல்லை. அவர்கள் செய்யப்போகும் அரைப்புதான் அதைத் தேவையாக்குகிறது. இப்படி ஒரு தேவையை மருத்துவரே உண்டாக்கி, அதற்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் போடப்பட்ட உறை பத்து, பதினைந்து ஆண்டுகள் நிற்கலாம், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கலாம். உங்களுக்கு 23. எண்பது வயது வரை வாழ்வீர்கள் என்று வைத்துக்கொண்டால் இந்த எட்டு உறைகளையும் மூன்று, நான்கு முறை மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கீழே இருக்கும் பல் இன்னும் கொஞ்சம் குறையும். திருமணத்துக்கு முன் 21 வயதில் வேறிடத்தில் ஆறு முன்பற்களுக்கு உறை போட்டுக்கொண்ட ஒரு பெண் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து என்னிடம் வந்தார். ஈறு சற்று மேலேறி, உறையின் விளிம்பிலிருந்த உலோகம் கருங்கோடாகத் தெரிந்தது. இரண்டு பற்களின் வேரில் சீழ் வைத்திருந்தது. ஓர் உறையைக் கழற்றியபோது உள்ளே இருந்த முளை அதனுடனேயே ஒடிந்து வந்துவிட்டது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: "அன்றைக்கு எனக்கு வேறு வழி இருந்ததா டாக்டர்?" அவருடைய பழைய புகைப்படத்தைப் பார்த்தேன். உங்கள் பற்களைப் போலவே இருந்தன. வழி இருந்தது என்ற உண்மையை அவரிடம் சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அந்தக் கேள்விதான் காரணம்.

உறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதிக்கு மேல் உடைந்த பல்லுக்கும், ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து பலவீனமான கடைவாய்ப் பல்லுக்கும், எனாமல் குழிகுழியாகப் பெயர்ந்துபோன கடுமையான ஃபுளோரோசிஸுக்கும் அது தேவைப்படலாம். உங்கள் படத்தில் பல்லின் வடிவம் முழுமையாக இருக்கிறது. குழிகளோ உடைந்த விளிம்போ தெரியவில்லை.

உங்கள் பற்களுக்கு நான் பரிந்துரைக்கும் முறை, மிகக் குறைவாக இழக்கும் சிகிச்சையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணாடியைப் பார்த்து "இது எனக்குப் போதுமா?" என்று கேட்டுக்கொண்டு, போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போவது. முதலில் ஈறுகளைச் சோதித்து, ஸ்கேலிங் முறையில், பல்லில் இறுகிப் படிந்திருக்கும் காரையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் நம்மிடையே பரவலாக உள்ளது. பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த காரை போனதும், அதன் கீழே முன்பே நிகழ்ந்திருந்த ஈறு இழப்பு வெளியே தெரிவதால் வரும் அச்சம் அது. உங்கள் வயதில் பெரும்பாலும் அதற்கு இடமில்லை. சுத்தம் செய்த பிறகே உண்மையான கறை எது, மேலே படிந்த அழுக்கு எது என்பது தெரியும்.

அடுத்தது நுண்தேய்ப்பு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மிக நுண்ணிய தேய்பொடியும் கலந்த ஒரு பசையை, ஈறில் படாதபடி பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைக் கட்டிவிட்டு, மெதுவாகச் சுழலும் ரப்பர்க் கிண்ணத்தால் சில விநாடிகள் தேய்த்துக் கழுவுவார்கள். தேவைக்கேற்ப இதைச் சில முறை திரும்பச் செய்வார்கள். இதில் போவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு எனாமல். உறைக்காக ஒன்றரை மில்லிமீட்டர் வரை அரைப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஊசி தேவையில்லை. மேலோட்டமான பழுப்புத் திட்டுகள் பலருக்கு ஒரே அமர்வில் கண்கூடாக மங்கிவிடுகின்றன. நீங்கள் வீட்டில் எலுமிச்சையால் செய்யப் பார்த்ததும் அமிலம்தானே என்று கேட்கலாம். அமிலத்தின் வலு, அது நிற்கும் விநாடிகள், தேய்க்கும் ஆழம் ஆகிய மூன்றும் பயிற்சி பெற்ற கையின் கட்டுக்குள் இருப்பதுதான் சிகிச்சை. அந்தக் கட்டு வீட்டில் கிடையாது.

மூன்றாவதாக, வீட்டில் செய்யும் பிளீச்சிங். உங்கள் நிலைக்கு இதைத்தான் நான் மிக முக்கியமான படியாகக் கருதுகிறேன். மருத்துவர் உங்கள் பல்வரிசையை அச்செடுத்து, அதற்குச் சரியாகப் பொருந்தும் மெல்லிய ஒளிபுகும் தட்டு ஒன்றைச் செய்து தருவார். அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லைப் பல்லுக்கு ஒரு துளி வீதம் வைத்து இரவில் அணிந்துகொண்டு தூங்க வேண்டும். 1989இல் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் இருவர் வெளியிட்ட இந்த முறை இன்றுவரை நன்கு ஆராயப்பட்டது. சாதாரண மஞ்சள் நிறத்துக்கு இரண்டு வாரம் போதும். ஃபுளோரோசிஸ் பழுப்புக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை பொறுமை வேண்டும். முதல் சில நாள்களில் வெண்திட்டுகள் முன்பைவிடப் பளிச்சென்று தெரியும். அதைக் கண்டு பயந்து நடுவில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. சுற்றியுள்ள பகுதியும் வெளுக்க வெளுக்க, திட்டுக்கும் பல்லுக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிடும். குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் வரலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அணிவதாலும், பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையாலும் அது தணியும், சிகிச்சை முடிந்ததும் நின்றுவிடும். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் பிளீச்சிங் செய்வதைத் தவிர்ப்பதே நல்லது என்பதால், திருமணத்துக்கு முந்தைய இந்த நான்கு மாதங்கள் அதற்கு உகந்த காலமாகவும் அமைந்துவிட்டன. மருத்துவமனையில் விளக்கொளியில் ஒரு மணி நேரத்தில் செய்வதும் பிளீச்சிங்தான். ஆனால் ஆழமான கறைக்கு அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் போதாது. அழகு நிலையங்களில் பல் வெளுப்பு என்று விளம்பரம் செய்தால் அங்கே போகாதீர்கள். வாய்க்குள் செய்யும் சிகிச்சை பதிவு பெற்ற பல் மருத்துவரின் கையில்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வெண்திட்டுகள் உங்களை உறுத்தினால், பிசின் ஊடுருவல் என்ற முறை இருக்கிறது. 2009 வாக்கில் ஜெர்மனியிலிருந்து வந்த இந்த முறையில், பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் திறந்து, ஆல்கஹாலால் உலர்த்தி, நீர்போல் ஓடும் பிசினை அந்த நுண்துளைகளுக்குள் ஊறவைத்து நீல ஒளியால் கெட்டிப்படுத்துகிறார்கள். காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதுதான் நடக்கிறது. துளைகளில் காற்றுக்குப் பதிலாக எனாமலின் ஒளிவிலகலுக்கு நெருங்கிய பிசின் நிறைந்துவிடுவதால் வெண்மை மறைகிறது. கருவி கொண்டு அரைப்பது இதில் இல்லை. பிளீச்சிங் முடிந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்தே இதைச் செய்ய வேண்டும். பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பிசினை ஒட்டவிடாது என்பதுதான் காரணம்.

அதற்கும் மிஞ்சி ஒன்றிரண்டு திட்டுகள் நின்றால் அந்த இடத்தில் மட்டும் காம்போசிட் என்ற பல் நிறப் பிசினைப் பூசி மறைக்கலாம். காம்போசிட் ஐந்து, ஏழு ஆண்டுகளில் நிறம் மங்கும், ஓரம் சிதறும். தேநீரும் காப்பியும் வெற்றிலையும் அதில் கறையேற்றும். ஆயினும் பழுதானால் அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய நன்மை. பீங்கான் வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய தகடு. அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமலைச் சீவ வேண்டும். நல்ல கையில் அது மிக அழகாகவும் நீண்ட காலமும் நிற்கும். மேற்சொன்ன எல்லாம் போதாமல் போனால் வெனீரைத்தான் யோசிக்க வேண்டும், அப்போதும் வேர் சிகிச்சை தேவையில்லை. உங்களுக்கு அது வரை போக வேண்டியிருக்காது என்று நம்புகிறேன். ஒரே ஒரு பீங்கான் வெனீருக்கு ஆகும் செலவில் பெரும்பாலும் இரு வரிசைகளுக்குமான வீட்டு பிளீச்சிங்கை முடித்துவிடலாம் என்பதையும் உங்கள் தந்தையாரிடம் சொல்லுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். அழகிய பல்லை நம் மொழி முத்தென்றும் முல்லை அரும்பென்றும் சொல்லி வந்திருக்கிறது. முத்து வெள்ளைக் காகிதத்தைப் போன்ற வெண்மை உடையதன்று. அதற்குள் இளமஞ்சளும் ஒருவித ஆழமும் உண்டு. இயற்கையான பல்லும் அப்படித்தான்: ஈறருகே சற்று மஞ்சளாகவும் நுனியில் சற்றே ஒளி ஊடுருவுவதாகவும் இருக்கும். கண்ணின் வெண்மையைவிட வெளுத்த பல் யாருடைய முகத்திலும் தனித்து நிற்கும். எனவே எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று மருத்துவர் கேட்டால், உங்கள் கீழ்வரிசையின் கறையில்லாத பல் ஒன்றைக் காட்டி, அதைவிட ஓரிரு படி வெளுப்பாக இருந்தால் போதும் என்று சொல்லுங்கள்.

திரும்பியிருக்கும் அந்தப் பல்லை உறையால் நேராக்குவது என்றால், நேர்க்கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தை அதிகமாக அரைத்துத் தள்ளுவது என்று பொருள். பல்லை அதன் வேரோடு திருப்பக்கூடியது கிளிப் அல்லது அலைனர் என்ற, பல்லை மெல்ல நகர்த்தும் ஒளிபுகும் தட்டு மட்டுமே. அதற்குச் சில மாதங்களாவது ஆகும். திருமணத்துக்குப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம், செய்யாமலும் விடலாம். புகைப்படத்தில் அது உங்கள் சிரிப்புக்கு ஒரு குறையாக எனக்குப் படவில்லை.

காலத்தைப் பின்வருமாறு பகிர்ந்துகொள்ளலாம். வரும் பத்து நாள்களுக்குள் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேலிங் ஆகியவற்றை முடித்து, நுண்தேய்ப்பையும் செய்துகொண்டால், அடுத்த ஆறு வாரங்கள் பிளீச்சிங்குக்குக் கிடைக்கும். இரண்டு வார இடைவெளிக்குப் பின் ஊடுருவலோ காம்போசிட்டோ தேவையா என்று பார்த்துச் செய்தாலும், முகூர்த்தத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும். பத்திரிகை அச்சடிக்கும் வாரத்திலும் புடவை எடுக்கும் வாரத்திலும் பல் மருத்துவரிடம் ஓட வேண்டியிராது. மருத்துவரைத் தேடும்போது, பல் பாதுகாப்பு மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் படித்தவராகவும், தாம் முன்பு செய்த ஃபுளோரோசிஸ் சிகிச்சையின் படங்களைக் காட்டக்கூடியவராகவும் பாருங்கள். செலவு தடையாக இருந்தால் பல் மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளை அணுகுங்கள். உங்கள் பகுதியிலிருந்து சேலம் தொலைவில்லை. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் ஆசிரியர்களின் மேற்பார்வையில் நிதானமாகச் செய்வார்கள்.

குழந்தையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு மகிழ்ச்சியுடன் பதில் சொல்கிறேன். ஃபுளோரோசிஸ் தாயிடமிருந்து பிள்ளைக்கு மரபாக வருவதன்று, குடிக்கும் நீரால் வருவது. வாழப்போவதும் ஊத்தங்கரைப் பக்கம் என்று எழுதியிருப்பதால், அந்த வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் எந்த நீரைப் பயன்படுத்துகிறார்கள் என்று இப்போதே கேளுங்கள். ஆழ்துளைக் கிணறு என்றால் ஒரு பாட்டில் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு அளவைப் பார்த்துவிடலாம். கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். குழாயில் வரும் காவிரி நீரையோ, ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரையோ பயன்படுத்துங்கள். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு. ஆனால் பால்பொடியைக் கரைப்பதும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவதும் கிணற்று நீரில் என்றால் அது அப்படியே குழந்தைக்குப் போகும். எட்டு வயது வரை இந்தக் கவனம் இருந்தால் உங்கள் பிள்ளைக்கு இந்தக் கறை வராமல் தடுக்கலாம்.

ஃபுளோரைடு பற்பசையை நீங்கள் நிறுத்த வேண்டாம். பல் முளைத்த பிறகு ஃபுளோரோசிஸ் புதிதாக வராது. துப்பிவிடும் பற்பசை எனாமலுக்கு வலு சேர்க்கவே செய்யும், பிளீச்சிங் காலத்தில் கூச்சத்தையும் குறைக்கும். குழந்தைக்கு மூன்று வயது வரை ஓர் அரிசி அளவும், அதன்பின் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் வைத்து, விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். நீரில் ஃபுளோரைடு மிகுந்த வீட்டில் சிறு குழந்தைக்கு எந்தப் பற்பசை என்பதை மட்டும் உள்ளூர் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கொடுத்த முன்பணம் போய்விடுமே என்ற கவலையில் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். அந்த மருத்துவமனைக்குத் தந்தையாருடன் நேரில் சென்று, உறையும் வேர் சிகிச்சையும் வேண்டாம் என்று முடிவு செய்திருப்பதைக் கனிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். எடுத்த எக்ஸ்ரேக்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது உங்களுக்கு உரியது. பணத்தைத் திருப்பித் தரத் தயங்கினால், அதே தொகையில் ஸ்கேலிங்கையும், தட்டு செய்து தரும் வீட்டு பிளீச்சிங்கையும் அவர்களே செய்து தர முடியுமா என்று கேளுங்கள். கேட்டதைச் செய்யத் தெரிந்தவர்களும் விருப்பமுள்ளவர்களும் அங்கே இருக்கலாம். புறப்படுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில், சன்னல் அருகே நின்று, உங்கள் பற்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து அதே சன்னலருகே, அதே நேரத்தில் எடுத்த இன்னொரு படத்தையும் எனக்கு அனுப்பினால், அடுத்த படி தேவையா என்பதைச் சேர்ந்தே பார்ப்போம்.